பாபிலோன் ராஜாவின் கன்னம்

சன்னாசி மண்டோரின் கைபடாத கன்னம் பினாங்குத் துறைமுகத்தில் குறைவு. மூட்டை தூக்கும் கூலிகளை மேய்க்கும் கங்காணி அவர். மூட்டை சரிந்தால் ஓர் அறை. பீடிக்கு ஒதுங்கினால் ஓர் அறை. அடித்த கையோடு கோப்பிக் கடைக்கு அழைத்துப் போய் ரொட்டியும் வாங்கித் தருவார். அதனால் தம்மைப் பெரிய கருணைவான் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு ராஜா வேஷத்தின் மேல் ஆசை வந்ததில் வியப்பென்ன? 1928 வாக்கில் சுங்கை பினாங் வாலிபர் சங்கத்துக்காகக் கார்த்திகேசு வாத்தியார் எழுதிய நாடகம் அது. வாத்தியார் ஆங்கிலப் புத்தகங்களைத் துழாவி, ஊரில் எவரும் கேள்விப்படாத பாபிலோனைப் பிடித்து வந்திருந்தார். அங்கே மார்துக் என்றொரு சாமி. கடலே உருவான தியாமத் என்ற தாயைக் கொன்று, இரண்டாகப் பிளந்து, வானமும் பூமியும் செய்தவர். கடலையே பிளந்தவர் என்றதும் மண்டோர் சாமி வேஷம்தான் கேட்டார். சாமி வாய் திறக்காத களிமண் சிலை என்று தெரிந்த பிறகு ராஜாவுக்கு இறங்கி வந்தார்.

மூன்றாம் காட்சியைப் பற்றி அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"வருசப் பிறப்பில ராஜா சாமிக்கு முன்னால மகுடத்தைக் கழட்டவேணும், மண்டோர்," என்றார் வாத்தியார். "பூசாரி ராஜான்ர கன்னத்தில அறைவார். மகுடத்தைத் திருப்பிச் சூட்டினாப் பிறகு இன்னொருக்கா."

"யாரு கன்னத்துல?"

"உங்கட கன்னத்திலதான். ரெண்டாவது அறைக்கு ராஜா அழுதால் சாமிக்குச் சந்தோசம். அழாட்டி நாடு அழிஞ்சுபோம்."

பூசாரி, மூட்டை தூக்கும் பக்கிரிசாமி. போன வாரம்தான் மண்டோரிடம் ஒன்று வாங்கியிருந்தான். ஆட்கள் எல்லாரும் பார்க்க அழுதால் நாளைக்கு எவன் மதிப்பான்? விலகினாலோ, பயந்துவிட்டார் என்பார்கள்.

"மேளக்காரரு சத்தம் குடுப்பாரு. நீ காத்துலதான் அடிக்கணும்லா," என்று பக்கிரியிடம் கறாராகச் சொன்னார். கண்ணீருக்குக் கொஞ்சம் எச்சில் தொட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

நாடகத்தன்று முதல் அறை சொன்னபடியே காற்றில் போனது. கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். ராஜா சிலைக்கு முன் மண்டியிட்டார்.

"ஐயனே! உன் கோயிலை மறந்தேனில்லை. உன் நகரைக் கைவிட்டேனில்லை. என் குடிகளின் கன்னத்தில்..."

ஒத்திகையில் கிளிப்பிள்ளை போலச் சொன்ன வசனம். இப்போது நிமிர்ந்து பார்த்தால், பெஞ்சு பெஞ்சாக அந்தக் கன்னங்கள். ஒருவனாவது சிரித்திருந்தால் மண்டோர் துணிந்து முடித்திருப்பார். ஒருவனும் சிரிக்கவில்லை.

"அடித்தேனில்லை! அடித்தேனில்லை!" என்று திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் எடுத்துக் கொடுத்தார்.

"அடிச்சிருக்கேன்," என்றார் மண்டோர். ராஜாவின் தமிழ் போய்த் துறைமுகத் தமிழ் வந்துவிட்டது. "எல்லாரையும் அடிச்சிருக்கேன்."

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். பக்கிரி மகுடத்தைத் திரும்பச் சூட்டினான். இனி இரண்டாவது அறை.

"போடுடா," என்று மண்டோர் முணுமுணுத்தார். "நெசமாவே போடு."

பக்கிரி கையை ஓங்கினான். மேளக்காரர் அடிக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார். ஓங்கிய கை மெல்ல இறங்கி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல அந்தக் கன்னத்தில் பட்டு நின்றது.

மண்டோர் குலுங்கிக் குலுங்கி அழுதார். வெட்கமாக இருந்தது, அதைவிட, இவனைப் போய் அடித்தோமே என்று நெஞ்சு வலித்தது. மார்துக் சாமிக்கு அன்று பரம திருப்தியாக இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை. திட்டுவது மட்டும் இரட்டிப்பானது. மறுநாளும் மதிப்பு குறையவில்லை; சொன்ன வேலை நடந்தது. ஆனாலும் மேடையில் அழுததைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால், கோப்பிக் கடையே கேட்கும்படி சொல்வார்:

"பக்கிரி போட்ட போடு அப்படிலா! பொறி கலங்கிப்போச்சு. எவனா இருந்தாலும் அழுதிருப்பான்."

பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியை நனைத்துக்கொண்டிருக்கும் பக்கிரி தலையைக் குனிந்துகொண்டு சொல்வான்:

"ஆமாண்ணே. கொஞ்சம் பலமாத்தான் பட்டுருச்சு."