தரைப்பாலத்தின் ஓரத்தில் அம்மா

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், பெண்ணையாற்றின் புதுப் பாலத்தில் செல்பி எடுக்கும்போது கீழிருந்து வண்டல் வாசனை ஏறி வந்தது. உடனே பழைய தரைப்பாலம்தான் ஞாபகம். அதன் ஓரக்கற்களை வெள்ளம் கொண்டுபோயிருந்ததால், மழைக்காலத்தில் பெரியவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, பாதை தெரிவதற்காக இரண்டு ஓரமும் கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நிற்பார்கள். பிள்ளைகளோடு பஸ் அவர்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்.

ஒருமுறை முழங்கால் வரை தண்ணீர். நீச்சல் தெரியாத அம்மா பாலத்தின் பாதி தூரத்தில், ஓரமாக நின்றாள்.

"யக்கா, ஆடாம நில்லுங்க. உங்கள நம்பித்தான் வர்றேன்," என்றார் டிரைவர்.

"நீ பராக்கு பாக்காம ஓட்டிக்கினு வாப்பா. எம்பொண்ணு உள்ள கீறா."

சக்கரம் அவள் புடவையை உரசிக்கொண்டு போனது. பஸ் கரையேறியதும் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். அம்மா மட்டும், அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தவள்போல, யாரோ கையைப் பிடித்து இழுத்தும், நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.