விற்பனைக்கில்லாத கம்பளம்

மராக்கேஷ் கடைத்தெருவில் ஹிஷாமைப்போல் 'பெர்பர்' என்ற சொல்லை விற்றுப் பிழைத்தவன் வேறொருவன் இல்லை. பெர்பர் கம்பளம், பெர்பர் வெள்ளி. புதினாத் தேநீரை நீட்டி, "இதுதாங்க பெர்பர் விஸ்கி" என்பான். வெள்ளைக்காரர்கள் தவறாமல் சிரிப்பார்கள். அர்த்தம் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தான்.

"பழைய கிரேக்கருக்கு மத்தவங்க பேச்சு வெறும் உளறலாக் கேட்டுச்சாம், அதுல வந்த பேருன்னு சொல்றாங்க. ரோமர் எடுத்துக்கிட்டாங்க, அப்புறம் அரபிகளும். அந்த மலைச் சனங்க தங்களை அமாசிக்னுதான் சொல்லிக்குவாங்க. சுதந்திர மனுசன்னு அர்த்தமாம்."

தானும் அந்தச் சனம் என்பதை மட்டும் சொல்லமாட்டான். ஊரில் அவன் பெயர் மொஹா. விடலை வயதில் நகரத்துக்கு வந்தபோது, அவன் பேசிய அரபியைக் கடைப்பையன்கள் பழித்துக்காட்டியே சாகடித்தார்கள். பேரை மாற்றினான், நாக்கைத் தீட்டினான், ஃபெஸ் நகரத்து அரபி அனாதை என்று கதை கட்டினான். அதை நம்பி முதலாளி ஹாஜி லஹ்லு தன் மகளையே கொடுக்க முன்வந்தார். அடுத்த மாதம் கல்யாணம்.

ஒருநாள் காலை, முதுகில் கம்பளச் சுருளோடு கடை வாசலில் வந்து நின்றாள் அவன் தங்கை இத்தோ. எவனோ ஊர்க்காரன் கல்யாணச் சேதியை மலைக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

"யாரு மாப்ளே அது?" என்றார் ஹாஜி.

"யாரோ பெர்பர் பொம்பளை மாமா. கம்பளம் விக்க வந்திருக்கா."

இத்தோவுக்கு அரபி அரைகுறைதான். ஆனால் அந்தச் சொல் தெரியும். சந்தையில் அதை வசவாக வாங்கிக் கட்டிக்கொண்டு வளர்ந்தவள். அண்ணனைக் கூப்பிடத் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

ஹாஜி சுருளைப் பிரித்தார். "அடடே, கைன்னா இது கை! என்ன விலைம்மா?"

"விக்க இல்ல. அண்ணன் கல்யாணம். அண்ணன் உக்கார நான் நெய்தது."

அவர்கள் ஊரில் தங்கை நெய்த கம்பளத்தில்தான் மாப்பிள்ளை உட்காருவான். ஹிஷாம் மடித்து வைத்திருந்த கம்பளத்தையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தான்.

"பேரச் சொல்லும்மா உன் அண்ணன் பேர. இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத ஆளா?"

அவள் ஹிஷாமை ஒரு பார்வை பார்த்தாள். "இங்க இல்ல ஐயா. கடை மாறி வந்துட்டேன்."

சுருட்டி முதுகிலேற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"பாவம்," என்றார் ஹாஜி. "கூடப்பிறந்தவளைத் தெருத்தெருவா அலைய விட்டிருக்கானே, அவனெல்லாம் ஒரு மனுசனா மாப்ளே?"

ஹிஷாம் தேநீர்க்காரனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, பேருந்து நிலையத்துக்கு ஓடினான். அங்கே சுவரோரமாக இத்தோ சுருளை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டான். பிறகுதான் குனிந்து, மலைப் பேச்சில், மெல்லக் கூப்பிட்டான்: "தங்கச்சி..."

அவன் சுற்றிப் பார்த்ததை அவள் பார்த்திருந்தாள். அந்த அரைகுறை அரபியிலேயே பதில் சொன்னாள்.

"என்ன வேணும் ஐயா? இது விக்கிறதுக்கு இல்ல."