பக்கவாட்டில் கடிபட்ட ராணி அறை

திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடித் தேன்பெட்டி ஒன்றில் முட்டையே இல்லை, அதாவது முட்டையிடும் ராணி இல்லை. ராணி இல்லாத பெட்டி அழிந்துவிடும். அதனால் இன்னொரு பெட்டியில் வளர்த்த ராணி அறையை, புது ராணி உருவாகும் மெழுகுக் கூட்டை, வெட்டியெடுத்து இதில் பொருத்தினேன். மறுநாள் அது கிழிந்து கிடந்தது. அதே மாடியில் கருவாடு காயவைக்கும் கீழ்வீட்டு அக்காமேல்தான் சந்தேகம்.

"பெட்டியத் தொட்டியாக்கா?"

"கொட்டு வாங்கணும்னு எனுக்கு இன்னா வேண்டுதலா நைனா?"

நான் நம்பவில்லை. அறையைத் திருப்பிப் பார்த்தேன். கை பட்டிருந்தால் நசுங்கியிருக்கும். இது பக்கவாட்டில் கடித்துத் துளைக்கப்பட்டிருந்தது. போட்டி ராணியைப் பிறக்குமுன்பே கொல்ல இன்னொரு ராணிதான் அப்படித் துளைப்பாள். அப்படியென்றால் தேனீக்களே வளர்த்த, இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் ராணி ஒருத்தி உள்ளே ஒளிந்திருக்கிறாள். தேனடைச் சட்டங்களைத் தூக்கித் தேடினேன், அகப்படவில்லை. முட்டையைக் கண்ணால் பார்க்கும்வரை அவளையும் நம்புவதாக இல்லை.