பயானுக்குள் புகுந்த ஆதம்பாவா

எங்கோ இருக்கும் ஓர் அந்நியனுக்குத் தன் குரல் கேட்டுவிட்டது என்பதில் ஒரு மனிதனுக்கு அப்படி என்ன கிடைக்கிறது? கல்முனைக்குடியில் ஆதம்பாவா இன்ஜினியரை அறிந்த எல்லோரும் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். அவருடைய மனைவி றாஹிலா நாள்தோறும் கேட்டாள், அதுவும் அவர் காதுபடவே.

வேலை செய்த காலமெல்லாம் அவர் மலைநாட்டில் ஒரு வானொலி அஞ்சல் நிலையத்தில் இருந்தார். செய்தி, பாட்டு, மரண அறிவித்தல் என்று மற்றவர்களின் குரலை நாடெங்கும் அனுப்புவதுதான் அவருக்குத் தொழில். ஒழுங்காக வேலை செய்யும் குடலைப் போல அவரையும் யாரும் நினைப்பதில்லை. கோளாறு வந்தால் மட்டும் நினைப்பார்கள், ஏசுவதற்கு.

பென்சன் எடுத்து ஊருக்கு வந்ததும் மனிதர் சொந்தமாகப் பேசத் தொடங்கினார். ஹாம் றேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலிக்கான அரச அனுமதிப்பத்திரம் அவரிடம் இருந்தது. றாஹிலா உடுப்புக் காயப்போடும் கொடியைக் கழற்றி எறிந்துவிட்டு, கிணற்றடியில் ஓர் இரும்புக் கம்பம் நட்டார். அதன் உச்சியிலிருந்து தென்னைக்கு ஒரு கம்பி. அறைக்குள் அவரே செய்த ஒலிபரப்பி.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு உலகத்தோடு என்ன பேசினார் என்றால், ஒன்றும் பேசவில்லை. உங்கள் குரல் கேட்கிறது, என் குரல் கேட்கிறதா, இங்கே மழை, அங்கே வெயிலா. ரஷ்யாக்காரனோடும் இதுதான், ஜப்பான்காரனோடும் இதுதான். மெய்யியல் படித்தவர்கள் பெரிய புத்தகங்களில் முடிப்பதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் என்றாலும், அவர்கள் யாரும் உடுப்புக் கொடியைக் கழற்றவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த செல்வமணி என்ற பல் வைத்தியரோடு மட்டும் கொஞ்சம் மனம்விட்டுக் கதைப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

வினை அங்கிருந்துதான் வந்தது.

ஒரு திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்துப் பள்ளிவாசல் மேல்மாடியில் பெண்களுக்குப் பயான், அதாவது மார்க்கப் பேச்சு. றிஸ்மி மௌலவி கீழிருந்து ஒலிபெருக்கியில் இல்லறத்தில் பொறுமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். றாஹிலா முன்வரிசையில் இருந்தாள். திடீரென்று ஒலிபெருக்கி கரகரத்தது.

"இஞ்ச நல்ல நிம்மதி டொக்டர். மனுசி பள்ளிக்குப் போயிட்டா. வீட்டுல காத்தடிக்கிற சத்தம் கேக்குது எண்டாப் பாருங்களன். ஓவர்."

மௌலவி நிறுத்தினார். டொக்டரின் மறுமொழி யாருக்கும் கேட்கவில்லை. ஆதம்பாவாவின் மறுமொழி கேட்டது.

"சேச்சே, ஆள் நல்லம். சமையலும் மோசமில்ல. கதைதான். மூடுற நேரமே இல்லாத றேடியோ ஸ்டேசன். ஓவர்."

மேல்மாடி குலுங்கியது. பக்கத்திலிருந்த சிபானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ராத்தா, இண்டைக்குப் பயான் நல்லாரிக்குகா. விடுங்க, முழுக்கக் கேப்பம்" என்றாள். மஃரிப் தொழுகைக்கு முன்னமே அது யாருடைய போனிலோ பதிவாகி கத்தார் வரை போய்விட்டது.

பள்ளியின் நீண்ட மைக் வயர், பக்கத்து வளவிலிருந்த ஆதம்பாவாவின் கம்பியின் அலையைப் பிடித்து ஒலிபெருக்கிக்குள் இழுத்திருக்கிறது. பிழை பள்ளி மெசினுடையதுதான். ஆனால் அதைப் பள்ளியில் போய் யார் சொல்வது?

மறுநாள், பள்ளிச் சபையில் றாஹிலாவின் தாய்வழிக் குடிக்காகப் பேசும் மரைக்காராக இருந்த உதுமாலெப்பை வந்தார். இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது. மாப்பிள்ளை அதில் வந்து இருப்பவர். எனவே மரைக்கார் கதிரையிலிருந்த ஆதம்பாவாவைத் தாண்டி றாஹிலாவைப் பார்த்தே பேசினார்.

"மகள், வளவு உன்ட. கம்பத்தக் கழட்டச் சொல்லிச் சபை சொல்லுது. நீ ஓமெண்டா நாளைக்கு ஆள் அனுப்புறன்."

ஆதம்பாவா வாயைத் திறந்தார்.

"மருமகன், நீங்கதான் நேத்துப் பேசி முடிச்சிட்டீங்களே" என்றார் மரைக்கார்.

ஓம் என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் கொடியும் திரும்பக் கிடைத்திருக்கும், மானமும் கிடைத்திருக்கும். றாஹிலா கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலால் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரியில் ஆளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்பவரைப் போல.

"பள்ளி மெசின இவர் சரியாக்கித் தந்தா?"

"பயானுக்குள்ள வராட்டி எங்களுக்கென்ன."

"வெள்ளிக்கிழமைக்குள்ள செய்வார். திரும்ப வந்திச்செண்டா நானே வெட்டி விழுத்துவன்."

மரைக்கார் படலையைத் தாண்டியதும் அவள் திரும்பினாள். "மூடுற நேரமில்லாத ஸ்டேசனா நான்?"

"அது டொக்டருக்குச் சும்மா..."

"அப்ப டொக்டரே வந்து சோறு போடட்டும்."

வியாழக்கிழமை அவர் பள்ளி மெசினைத் திறந்து சில சின்னச் சாமான்களை ஒட்டி, மைக் வயரை ஒரு கறுப்பு வளையத்தில் சுற்றினார். இனிச் சோதிக்க வேண்டும். அவர் பள்ளியில் நின்று கேட்க, வீட்டிலிருந்து ஒருவர் பேச வேண்டும். அனுமதிப்பத்திரக்காரர் தவிர வேறு யாரும் அதில் பேசுவது சட்டப்படி பிழை. ஆயுளில் ஒரு சட்டத்தையும் மீறாத மனிதர், தாடையைச் சொறிந்துகொண்டு மனைவியிடம் வந்தார்.

"பொத்தான அமத்திட்டு ஒண்டு ரெண்டு எண்டு எண்ணு. வேற ஒண்டும் சொல்லிடாத."

பள்ளியில் சத்தம் வராவிட்டால், வேலை சரியா, அல்லது அவள் பேசவே இல்லையா என்று தெரிய வேண்டுமே. அதற்காக, அவள் பேசும் அலையைப் பிடிக்கும் சின்ன றேடியோ ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு போனார்.

றாஹிலா பொத்தானை அமர்த்தினாள்.

"ஒண்டு. ரெண்டு. மூணு. இதென்ன எண்ணுற... இஞ்ச பாருங்க. நீங்க மலைநாட்டுல இருக்கக்குள்ள நான் நாள் முழுக்க றேடியோவப் போட்டு வெப்பன். பாட்டுக் கேக்கிறனெண்டு உம்மா ஏசுவா. பாட்டும் மண்ணும். நடுவுல நிக்குதா எண்டுதான் பாத்துட்டிருப்பன். நிண்டா, இப்ப மனுசன் சாரத்த மடிச்சிக் கட்டிட்டு ஓடுறார் எண்டு விளங்கும். திரும்ப வந்தா, சரி, கைகால் நல்லாரிக்கு எண்டு விளங்கும். வேற என்ன, கடிதமா போட்டீங்க? முசீபத்துப் புடிச்ச வேல. நாலு. அஞ்சு."

பள்ளியில் நடந்ததை மரைக்கார்தான் பிறகு வந்து சொன்னார். ஒலிபெருக்கியில் ஒரு மூச்சுக்கூட வரவில்லையாம். "என்ன மருமகன், பேசுறாவா இல்லையா?" என்று கேட்டாராம். ஆதம்பாவா விரலால் காதை அழுத்திப் பிடித்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, "ஓம், பேசுறா" என்றாராம்.

"என்னவாம்?"

"எண்ணுறா."

கம்பம் தப்பியது. சபை ஒப்புக்கொண்டது. மௌலவியே, அதன் பிறகு பயானுக்கு வரும் கூட்டம் குறைந்துவிட்டது என்று பகிடியாகக் குறைபட்டுக்கொண்டார்.

ஆனால் அன்று பின்னேரத்திலிருந்து ஆதம்பாவா வானொலியில் ஒரு சொல்லும் பேசவில்லை. போன வருடம் கண்ணை மூடி மௌத்தாகும் வரை பேசவில்லை. அனுமதிப்பத்திரத்தை ஆண்டு தவறாமல் புதுப்பித்தார், கம்பத்துக்கு வர்ணம் பூசினார், ஒரு காலத்தில் றாஹிலா இருந்ததைப் போலப் பெட்டியின் முன்னால் இருந்து கேட்டார், அவ்வளவுதான். பள்ளிக்குப் பயம் என்றது ஊர். ராத்தா வாயைக் கட்டிவிட்டா என்றாள் சிபானா. றாஹிலா கட்டவில்லை. நாகப்பட்டினத்துக் குரல், "கல்முனை, கல்முனை, பாவா சார் இருக்கீங்களா?" என்று மாலைதோறும் கூப்பிடும்போது அவளுக்குத்தான் பொறுக்காது.

"அந்தாள் கூப்பிட்டுட்டே இரிக்கார். ஒரு மறுமொழி சொன்னா என்ன? குமருகாரியா நீங்க, வெக்கப்பட?"

ஏசினாள், கெஞ்சினாள். ஒரு நாள் மைக்கை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள். அவர் அதை வாங்கி, சாரத் தலைப்பால் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, டொக்டரின் குரல் இன்னும் தெளிவாக வரும்படி குமிழைத் திருகினார்.