இரண்டு குழாயிலும் உப்பு

நிமலினி அக்காவுக்கு வயது ஐம்பத்துநான்கு. கொழும்புத்துறையில் பிறந்தவர். கொழும்புத்துறையிலேயே வள்ள எஞ்சின் திருத்துகிற ஜொனதனைக் கலியாணம் முடித்தவர். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலுள்ள பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்துமூன்று வருடமாக ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்கிறார். பெரிய படிப்பென்று சொல்ல முடியாது. சாதாரணதரப் பரீட்சையில் கணக்கு இரண்டு முறை காலை வாரிவிட்டது. ஆனால் எந்தப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ரீச்சர்மார் வருவார்கள், ஆய்வுகூடத்தைக் கலைத்துப்போடுவார்கள், மாற்றலாகிப் போவார்கள். அதை ஒழுங்குபடுத்த அக்கா அங்கேயே இருப்பார்.

அவருடைய இன்னொரு சேவையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அது நன்றிகெட்ட வேலை. உயர்தரத்தில் நொதியப் பரிசோதனைக்கு உமிழ்நீர் வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் துப்பச் சொன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்களே தவிர, ஒரு சொட்டும் வராது. அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு முகவைக்குள் துப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து டொக்டர்களாய்ப் போன அத்தனை பேரும் அக்காவின் துப்பலில் படித்தவர்கள்தான்.

போன ஐப்பசியில் அக்காவுக்குச் சின்னதாக ஒரு ஸ்ரோக் வந்தது. இடது கை நாலு நாள் மரத்துக் கிடந்தது. சொற்கள் இடம் மாறி வந்தன. மூன்று கிழமையில் எல்லாம் சரியாகிவிட்டதென்று டொக்டர் சொன்னார். டொக்டருக்குச் சரி, அக்காவுக்கு எங்கே சரி? மார்கழியில் ஒருநாள் மீன்குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டார். ஜொனதன் ஒன்றும் பேசாமல் இருந்து சாப்பிட்டு முடித்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பயம்தான்: தலை தன்னைக் கைவிடப்போகிறதோ?

இந்த நிலையில்தான் தக்சாயினி ரீச்சரின் பாடம் வந்தது. ரீச்சர் தை மாதம் வந்த புதிய ஆள். மருதனார்மடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கெட்டிக்காரி. தோளில் பையும், பைக்குள் வீட்டுத் தண்ணீர்ப் போத்தலும் இல்லாமல் அவரைக் காண முடியாது.

பாடம் இதுதான். உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை வெட்டி வெட்டிச் சீனியாக்கும். தனியே விட்டாலும் வெட்டும், ஆனால் மெதுவாக. உப்பிலுள்ள குளோரைட்டு அதோடு சேர்ந்தால் வேலை பறக்கும். இப்படி வேகத்தைக் கூட்டுகிறதை ஏவி என்பார்கள். ஏவி தானாக எதையும் வெட்டுவதில்லை. நொதியத்தோடு ஒட்டியிருந்து, அதை வேலைக்கு வாகான நிலையில் பிடித்துவைத்திருக்கும். அக்கா இதைத் தன்னுடைய வழியில் விளங்கி வைத்திருந்தார். ஆடுகிற திருவலையில் தேங்காய் திருவிப் பாருங்கள், விடிய விடியத் திருவ வேண்டியதுதான். யாராவது வந்து பலகையைக் காலால் அமத்திப் பிடித்தால் ஒரு நொடியில் முடியும். அந்தக் கால் தேங்காய் திருவியதா? இல்லை. ஆனால் அது இல்லாமல் திருவ முடிந்ததா?

இரண்டு சோதனைக்குழாய். இரண்டிலும் மாப்பொருட் கரைசலும், தண்ணீர் விட்டு நன்றாய் ஐதாக்கிய அக்காவின் உமிழ்நீரும். முதலாவதில் கொஞ்சம் உப்புக் கரைசல். இரண்டாவதில் அதே அளவு வெறும் தண்ணீர். நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து அயடீனில் விட வேண்டும். நீலம் வந்தால் மாப்பொருள் இன்னும் இருக்கிறது. நீலம் வராவிட்டால் வேலை முடிந்தது. உப்புக் குழாய் முந்த வேண்டும், மற்றது பிந்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரண்டும் மூன்றாம் நிமிடத்தில் ஒன்றாக முடிந்தன.

"நிமலினி அக்கா, அவசரத்திலை ரெண்டிலையும் உப்பு விட்டிட்டீங்களோ?" என்று ரீச்சர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் வகுப்பு சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

திங்கட்கிழமை திரும்பச் செய்தார்கள். திரும்பவும் இரண்டும் மூன்றாம் நிமிடம். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். மணி அடித்த பிறகு ரீச்சர் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்களுக்குச் சுகமில்லாமல் வந்தது எனக்கும் தெரியும். இது அசிட்டுகள் இருக்கிற இடமெல்லோ. பிறின்சிப்பலோடை கதைச்சு, கொஞ்ச நாளைக்கு உங்களை லைபிறரியிலை விடச் சொல்லட்டோ? புதன்கிழமை கதைக்கிறன்."

"ஓம் ரீச்சர்," என்றார் அக்கா. உப்பு விட்டாரா இல்லையா என்று அவருக்கே சத்தியம் பண்ண முடியவில்லை.

வீட்டுக்குப் போய் ஜொனதனிடம், "இண்டைக்கும் பிழைச்சுப்போச்சு," என்றார். "அது பறவாயில்லையப்பா," என்றார் அவர். சொல்லிவிட்டு ஏற்கெனவே பளபளவென்றிருந்த காபரேற்றரை எடுத்து மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு அக்கா ஆய்வுகூடக் கதவைச் சாத்தினார். ஒரு கொப்பித் தாளில் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் பக்கத்தில் சரி போட்டார். உப்புப் போத்தலை ஒரே ஒரு தரம் திறந்து, முதலாவது குழாயில் விட்டு, மூடி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது குழாயைத் தொட்டார்.

மூன்றாம் நிமிடம். இரண்டிலும் நீலம் இல்லை.

அக்கா ஸ்ரூலில் இருந்துவிட்டார். முதலில் அழுகைதான் வந்தது. பிறகு பார்த்தால், எங்கிருந்தோ கோபம் வந்தது. நல்ல கோபம். திறப்பு என்ரை பொக்கற்றுக்குள்ளை கிடக்குது. நான் விடேல்லை. அப்ப இதுக்குள்ளை உப்பை விட்டது ஆர்?

உப்பைப் பிடிக்க ஆய்வுகூடத்தில் வழியா இல்லை? வெள்ளி நைத்திரேற்றுப் போத்தலை எடுத்தார். குளோரைட்டு இருந்தால் அது பால்மாதிரித் திரண்டு காட்டிக்கொடுத்துவிடும். கழுவிக் காயவைத்த வெறுங்குழாயில், இரண்டாவது குழாய்க்கு விட்ட அதே தண்ணீரை ஊற்றி, ஒரு துளி நைத்திரிக்கமிலம் விட்டு, வெள்ளி நைத்திரேற்றில் இரண்டு துளி விட்டார். வெறும் தண்ணீர் வெள்ளை வெளேரென்று திரண்டது.

ரீச்சர் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று ஸ்ராஃப் றூமில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். அக்கா குழாயோடு ஓடினார். ஐம்பத்துநாலு வயதில் அப்படி ஓடக்கூடாதென்று டொக்டர் கட்டாயம் சொல்லியிருப்பார்.

"ரீச்சர், இது தண்ணி. வெறும் தண்ணி!"

ரீச்சர் குழாயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எந்தத் தண்ணி அக்கா?"

"பில்ரர்த் தண்ணி. தண்ணி காய்ச்சி வடிக்கிற மெசின் எரிஞ்ச பிறகு நீங்கள்தானே சுத்தமான தண்ணியாய் இருந்தால் காணும் எண்டு சொன்னனீங்கள். நானும் குடிச்சுப் பாத்துத்தான் எடுத்தனான். அருமையான தண்ணி."

ரீச்சர் எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்துப் பில்ரரைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அதில் முதன்முதலாகக் குடிக்கிறார். முகம் கோணிப்போயிற்று.

"ஐயோ அக்கா, இது சவரெல்லோ!"

"சவரோ? இது நல்ல தண்ணி, ரீச்சர்!"

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். கடனீரேரிக் கரையில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது நல்ல தண்ணீர். ரீச்சரின் வலிகாமத்துச் செம்பாட்டுக் கிணற்று நாக்குக்கு அது உப்பு. பில்ரர் மண்ணையும் கிருமியையும் மறிக்கும்; கரைந்த உப்பைப் போக விட்டுவிடும். மெசின் வேலை செய்த காலத்தில் ஒருவருக்கும் இந்த வில்லங்கம் வரவில்லை. இப்போது இரண்டாவது குழாய்க்கும் ஏவி கிணற்றிலிருந்தே வந்து சேர்ந்துவிட்டது.

புதன்கிழமை ரீச்சர் பிறின்சிப்பலிடம் போகவில்லை. பற்றரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு நேரே வகுப்புக்கு வந்தார். முதலில் அதில் வெள்ளி நைத்திரேற்று விட்டுக் காட்டினார், தெளிவாக நின்றது. பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "போன ரெண்டு தரமும் பிழை என்ரை. தண்ணியைச் சோதிக்காமல் அக்காவைச் சந்தேகப்பட்டனான்," என்றார். இதைச் சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும். அதற்காக அக்கா அவருடைய எல்லாப் பிழையையும் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டார்.

புதிய தண்ணீரில் எல்லாவற்றையும் கரைத்தார்கள். முதலாம் நிமிடம், இரண்டிலும் நீலம். இரண்டாம் நிமிடம், உப்புக் குழாயின் துளி மங்கியது. மூன்றாம் நிமிடம் உப்புக் குழாயில் நீலம் போய்விட்டது. அக்கா மற்றக் குழாயில் ஒரு துளி எடுத்தார். கர்த்தரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அயடீனில் விட்டார்.

கருநீலம்!

நாலாம் நிமிடமும் நீலம். ஏழிலும் நீலம். பதினோராம் நிமிடத்தில்தான் அது ஆறுதலாக, ஒரு அவசரமுமில்லாமல், போய் முடிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்கா குழாய்களைக் கழுவ எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய், கழுவாமல் வைத்துவிட்டு ஜொனதனுக்குப் போன் எடுத்தார். அந்தப் பக்கம் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, தண்ணிதான் பிழை. நான் இல்லை. நான் ஒண்டும் மறக்கேல்லை!"

எஞ்சின் நின்றது. பிறகு ஜொனதன் மூக்கை உறிஞ்சுகிறது கேட்டது. கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருடத்தில் அக்கா கேட்டறியாத சத்தம் அது.

"நிமலி, நாளைக்கு மூளை டொக்டரிட்டை உமக்கு நம்பர் எடுத்து வைச்சனான்," என்றார் அவர். "எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் ரெண்டு நாளாய் நித்திரை இல்லை."

அக்காவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"எடுத்த நம்பரை விடாதேங்கோ," என்றார். "ரெண்டு பேருமாய்ப் போவம். எனக்கு ஒண்டும் இல்லையெண்டு அவர் சொல்லுறதை நீங்களும் பக்கத்திலை இருந்து கேளுங்கோ."