ஒரு வருஷத்துக்கு மட்டும் கம்பெனி

அண்ணன் கழுத்தில் கம்பெனி டேக் தொங்கியதை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பெண் பார்க்கப் போன வண்டியில். கரும்பச்சை நாடா, அதன் நுனியில் பிளாஸ்டிக் உறைக்குள் அவருடைய படம். லீவு நாளில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்கு மேல், வேலைக்குப் போகிற அட்டையை எதற்கு மாட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணத் தரகர்தான் மாட்டச் சொன்னார். "பாக்கெட்ல வெச்சுக்கினா எவனுக்குத் தெரியும்? வெளிய தொங்கணும். பொண்ணோட அப்பன் கண்ணுல மொதல்ல அதான் படணும்" என்றார். அண்ணன் வழி முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்து எடுத்த படம் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவர், அன்றைக்கு டேக்கை மறுபடியும் திருப்பிப் பார்த்தார்.

அவருக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. எங்கள் ஊர் பொன்னேரிப் பக்கத்து ஆரணிக்குக் கிழக்கே, ஆரணியாற்றை ஒட்டி இருக்கிறது. எங்களுக்கு மூன்று காணி கழனி, ஒரு போர், ஒரு மோட்டார் கொட்டகை. பத்தாவது முடித்த கையோடு அண்ணன் கழனியில் இறங்கினார்; யாரும் தள்ளிவிடவில்லை, அவருக்கே அதுதான் பிடித்தது. காலையில் காபிகூடக் குடிக்காமல் பயிரைப் பார்த்துவிட்டு வருவார். நாஷ்டாவை மோட்டார் கொட்டகைக்குக் கொடுத்தனுப்பச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார். குடிப்பழக்கம் இல்லை, ஊரில் ஒரு வம்பு இல்லை. ஆனால் பெண் கேட்டுப் போகிற வீட்டிலெல்லாம் "மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்பார்கள். "விவசாயம்" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார். காபி வரும், பஜ்ஜி வராது. எங்கள் தெருவில் கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் வாட்ச்மேனாக இருந்த பையனுக்கு மூன்று இடத்திலிருந்து ஜாதகம் வந்தது. அண்ணனுக்கு வந்ததெல்லாம் அனுதாபம்தான். எனக்கு அப்போதே கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்தாகிவிட்டது. என்னையும் கம்பெனிக்காரருக்குத்தான் கொடுத்தார்கள். அதனால் இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

யோசனை தரகருடையது. "ஒரே ஒரு வருசம் கம்பெனில காண்ட்ராக்ட்ல சேந்துடு. டேக் கழுத்துல ஏறட்டும், தாலி அவ கழுத்துல ஏறட்டும். அப்பால நீ கழனிக்குப் போவியோ கடலுக்குப் போவியோ, எவன் கேக்கப்போறான்?" என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் மட்டும் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஒரு வருசம்னா இன்னா, ரெண்டு போகம். பூடும்" என்றார். அவருக்குக் காலம் என்பதே போகக் கணக்குதான். சம்பா ஒன்று, நவரை ஒன்று, பிறகு திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் போனார். அவர் சொன்னதை நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

பெண் பள்ளிப்பட்டுப் பக்கம். ஆந்திராவை ஒட்டிய மேட்டுப் பூமி. பெண்ணின் அப்பா டேக்கைப் பார்த்தார், கம்பெனி பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார், தலையாட்டினார். அந்த வீட்டில் பஜ்ஜி வந்தது. மாப்பிள்ளையின் தங்கை என்ற உரிமையில் நான் சமையலறைக்குள் போய்ப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "உங்க ஊட்ல கழனி கீதாக்கா? மோட்டார்ல தண்ணி வர்தா?" என்றாள். இருக்கிறது, வருகிறது என்றேன். "எங்க நைனா எல்லாத்தயும் வித்துட்டாரு. எத்தினி எடத்துல போர் போட்டும் தண்ணி கெடைக்கல. இப்ப அரிசி கடையிலதான் வாங்குறோம். எனுக்கு அது மட்டும் ஆவவே மாட்டேங்குது" என்றாள். பிறந்த வீட்டு நிலம் போன ஏக்கம் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். வண்டியில் திரும்பும்போது, "கழனி கீதான்னு கேட்டா" என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

கல்யாணம் ஆனது. அண்ணி வந்த மறுவாரமே புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு கழனியில் இறங்கிவிட்டார். நாற்று பறித்தார், களை எடுத்தார், மோட்டார் போட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வருஷம் முடிந்தபோது அண்ணி முழுகாமல் இருந்தார்; கம்பெனி ஆஸ்பத்திரி அட்டை பிரசவத்துக்கு ஆகும் என்று அண்ணன் வேலையிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருஷம் போரை ஆழப்படுத்த வேண்டியிருந்தது, சம்பளம்தான் அதற்குள் இறங்கியது. அதற்கடுத்து அப்பாவுக்கு இடுப்பு விழுந்தது. "இந்தப் போகம் முடியட்டும்" என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வார். கழனி தன் செலவையே ஈடுகட்டவில்லை. கம்பெனியில் வாங்கியதுதான் உரமாகவும் டிராக்டர் வாடகையாகவும் கழனிக்குள் போனது. நிலத்தை வைத்துக்கொள்வதற்காகவே அவர் நிலத்தை விட்டுத் தள்ளி நிற்க வேண்டியிருந்தது.

நான் வேலை பார்ப்பது மாவட்டத்தின் புள்ளிவிவரக் கையேட்டுக்குத் தகவல் திரட்டும் பிரிவில். ஒவ்வொரு பதிப்புக்கும் முன்பகுதியை நான்தான் தட்டச்சு செய்கிறேன். வடக்கே ஆந்திரம், கிழக்கே கடல், தென்கிழக்கே சென்னை; ஆரணியாறு பழவேற்காட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது, கொசஸ்தலை எண்ணூரில்; முக்கியப் பயிர் நெல்; தொழில் வளர்ச்சி கும்மிடிப்பூண்டிப் பக்கம். பழைய பதிப்பிலிருந்து எடுத்து ஒட்டினாலே போதும், நதி இடம் மாறப்போவதில்லை. மக்கள்தொகை, தொழில் என்று வரும் இடத்தில்தான் எனக்குக் கை ஓய்ந்துபோகும். கழனிக்காரர்கள் ஒரு கட்டத்தில், ஆலைக்காரர்கள் ஒரு கட்டத்தில், வெளிமாநிலத்தார் ஒரு கட்டத்தில். எங்கள் வீட்டைப் பிட்டு முதல் இரண்டு கட்டத்திலும் போட்டால்தான் கணக்கு சரியாக வரும். வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பேருந்து ஜன்னலில் பார்க்கும்போதெல்லாம், அங்கே உள்ளே இருக்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் நிலத்துக்கு உரம் வாங்க வேலை பார்க்கிறார்களோ என்று தோன்றும். அதை எந்தக் கையேட்டிலும் சேர்க்க முடியாது, மேலதிகாரி அடித்துவிடுவார்.

ஒரு சம்பா நடவு நினைவிருக்கிறது. ஊரில் நடவுக்கு ஆள் இல்லை. நட்டுப் பழகிய பெண்களெல்லாம் காலையில் வேன் ஏறி ஆலைகளுக்குப் பெருக்கவும் அடுக்கவும் போய்விட்டார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது, இன்னும் நாலு நாள் விட்டால் நடவுக்கு ஆகாது என்று அண்ணி போனில் அழாத குறையாகச் சொன்னார். அண்ணன் தன்னோடு வேலை செய்கிற ஒடிசாப் பையன்களை வார விடுமுறையன்று கூட்டிவந்தார். நானும் சமைத்துப் போடவும் அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் போயிருந்தேன். பையன்கள் பேண்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கியதும் ஒரே சிரிப்பு, பாட்டு. அவர்கள் ஊரிலும் நெல்தானாம். அவர்களில் ஒருவன் தனக்குத் தெரிந்த அளவுத் தமிழில், "எங்க ஊர்ல என் தம்பி நடுது அக்கா. நடுறதுக்குக் காசு நான் அனுப்பிச்சேன். நான் இங்க நடுது" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் எங்கே என்று பார்த்தேன். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவர், வரப்பில் நாற்றுக்கட்டின் மேல் தலையை வைத்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கழனியை அவர் பெண்டாட்டியும் ஒடிசாக்காரர்களும் நட்டு முடித்தார்கள். அண்ணி ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அவர் முகத்தில் வெயில் படாமல் போட்டுவிட்டுப் போனார்.

போன ஐப்பசியில் காண்ட்ராக்ட் முடிந்தது. புதிய இயந்திரம் வந்துவிட்டது, இனி இத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் பதறிப்போய்ப் போன் செய்தேன். அந்தப் பக்கம் அண்ணன் குரல் கல்யாணமான புதிதில் இருந்ததுபோல இருந்தது. "வுடு, நல்லதாப் போச்சு. வந்துட்டேன் இல்ல? இனிமே கழனிதான்" என்றார். அந்த வாரக் கடைசியில் நான் ஊருக்குப் போனேன். இரவு நல்ல மழை. விடிந்ததும் அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். நானும் பின்னாலேயே நடந்தேன். தாழ்ந்த கழனியில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கழனி எப்போதும் அப்படித்தான், மழை பெய்தால் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். அவர் யோசிக்கவே இல்லை. வடிமடையை இரண்டு வெட்டில் திறந்துவிட்டார். தண்ணீர் சலசலவென்று ஓடியதைப் பார்த்து என்னிடம், "பாத்தியா, கை மறக்கல" என்றார்.

அண்ணி தூரத்திலிருந்து ஓடிவந்தார். கத்தவில்லை. மடையில் இறங்கிக் காலாலேயே சேற்றைத் தள்ளி அடைத்தார். பிறகு நிமிர்ந்து, "நேத்து சாயங்காலம்தான் மாமா யூரியா போட்டேன். அவ்ளோவும் தண்ணியோட பூட்ச்சு" என்றார். அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தண்ணி நின்னா அழுவுமேடி" என்றார். "இப்ப நிக்காது. மூணு வருசத்துக்கு முந்தியே டிராக்டர் வெச்சு மண்ணடிச்சு மட்டம் பண்ணிட்டேன். தானா எறங்கிடும்." அண்ணன் கழனியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எனுக்கு ஏன் சொல்லல?" என்றார். "சொன்னேன் மாமா. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படுத்துக்கினு இருந்த. ம்முன்னு சொன்ன" என்றார் அண்ணி. அவர் குரலில் துளியும் குத்தல் இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால்கூட அண்ணன் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு அவர் மண்வெட்டியை எடுக்கும்போதெல்லாம் அண்ணியின் முகத்தைப் பார்த்தார் என்று அப்பா என்னிடம் சொன்னார். எந்த நெல், எப்போது மருந்து, யாருக்கு எந்தப் பக்கம் தண்ணீர் விடுவது, எல்லாம் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது. டிராக்டர்க்காரன் வண்டியை நிறுத்தி, வரப்பில் நின்ற அண்ணனைப் பார்த்து, "அண்ணி இல்லியா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் கிளம்பிப் போனானாம். அறுப்பு முடிந்ததும் அண்ணனே வேறொரு காண்ட்ராக்டருக்குப் போன் செய்துவிட்டார். அண்ணி போக வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். "போவாத மாமா. கூட இரு. ரெண்டு பேருமா பாத்துக்கலாம்." அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இருக்கலாம். காலைல எழுந்தா இன்னா வேலன்னு நீ சொல்லணும். சொல்லுவியா?" என்றார். அண்ணி உள்ளே போனார். அந்த வீட்டில் யார் யாருக்கு என்ன கெடுதல் செய்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் அண்ணிக்காகக் கம்பெனிக்குப் போனார், அண்ணி கழனிக்காக அவரிடம் வந்தார். இரண்டு பேரும் நல்லவர்கள். எனக்கு நினைக்க நினைக்க அலுப்பாக இருக்கிறது.

போன மாதம் ஊரிலிருந்து திரும்பும்போது அண்ணன் போகிற கம்பெனி வேனிலேயே என்னை ஏற்றிக்கொண்டார்கள். தச்சூர் கூட்டு ரோட்டில் இறங்கினால் எனக்குப் பொன்னேரிக்கு வண்டி கிடைக்கும். வேனில் பாதிப்பேர் வடநாட்டுப் பையன்கள், காதில் ஒயரோடு சாய்ந்திருந்தார்கள். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். புதுக் கம்பெனி சாப்பாட்டில் உப்பே இல்லையாம், சூப்பர்வைசர் சின்னப் பையனாம், ஆனாலும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறானாம். பழைய அண்ணன் மாதிரிப் பேச்சு. எங்கள் மோட்டார் கொட்டகை கண்ணுக்குத் தெரிந்ததும் பேச்சை நிறுத்தி, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கழனி முழுக்க நவரைப் பயிர். அண்ணி வரப்பில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை ஆட்டிவிட்டு, "அண்ணா, அண்ணி நிக்குது பாரு" என்றேன். "ம்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. இமைகள் துடித்துக்கொண்டிருந்தன, அவர் தூங்கவில்லை.

வேன் எங்கள் கடைசி வரப்பைத் தாண்டி, கால்வாய்ப் பாலத்தில் ஏறி இறங்கியது. அண்ணன் கண்ணைத் திறந்தார். ஜன்னல் பக்கம் திரும்பாமல், நேராக என்னைப் பார்த்து, "உம் பொண்ணு இப்ப எந்த க்ளாஸ்?" என்று கேட்டார்.