எறும்பு வந்த வழி

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பெரிய கிளாக்கராக இருந்தபோது, துரை பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தவர் அவர். ஒட்டிய கன்னம், தலையில் மடித்துப் போட்ட கம்பளி. எதைக் கேட்டாலும் முதலில் மேலே பார்ப்பார். பிறகுதான் பதில் வரும்.

பங்களாவின் சீனி அலமாரியில் எறும்பு புகுந்தது. இன்னொரு முறை கண்டால் சமையல்காரரை அனுப்பிவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார். நான் முறைப்படி அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்க வைத்தேன். எறும்பு முறைப்படி மறுநாளும் வந்தது.

பூந்தோட்டக்காரர் வந்து கூரையைப் பார்த்தார். "நீங்க கீழ காவல் போட்டிருக்கீங்க. அது மேல வருதுங்களே, ஐயா."

துரைசாணி ஆசையாக வளர்த்த ரோசாக்கொடி கூரையைத் தொட்டிருந்தது. அதில் ஏறிய எறும்பு, கூரை வழியே உள்ளே வந்து, சுவரில் சாய்ந்திருந்த அலமாரிக்குள் இறங்கியது. அவர் கத்தியை எடுத்தார்.

"உத்தரவு இல்லாம வெட்டினா உம்ம வேலை போயிரும்" என்றேன்.

"எறும்பு உத்தரவு கேட்டுக்கிட்டா வருது? சமையக்காரருக்கு நாலு புள்ளைங்க." வெட்டிவிட்டார்.

கொடி காற்றில் முறிந்ததாகத் துரைசாணிக்கு எழுதிக் கொடுத்தேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. பூந்தோட்டக்காரரிடம் அதைச் சொன்னபோது மேலே பார்த்தார்.

"காத்து இம்புட்டு நேராவா வெட்டும், ஐயா?"

இன்றும் வழியில் கிளை முறிந்து கிடந்தால், குனிந்து முறிவைப் பார்க்கிறேன்.